காலை ஏல நேரத்தில் திணறும் லினக்ஸ் சர்வர்: எங்கே பார்ப்பது, எதைத் திருத்துவது

கேள்வியின் சுருக்கம் இது. கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் மண்டி. மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் பழைய டெஸ்க்டாப் ஒன்றுதான் சர்வர்: உபுண்டு சர்வர் 22.04, நான்கு கோர் பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பில்லிங் மென்பொருளின் தரவுத்தளம் மரியாடிபி. கீழே ஏழு கணினிகளில் ஏலச் சீட்டுப் போடுகிறார்கள். தினமும் காலை 6 மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் திரை உறைந்து நிற்கிறது. டாப் கட்டளையில் பார்த்தால் சிபியு 70% சும்மா இருக்கிறது; லோடு ஆவரேஜ் மட்டும் 11. பேக்கப் இரவு 12.30க்கே ஓடிவிடுகிறது, அதனால் அது காரணமில்லை என்கிறார் கேள்வி அனுப்பியவர். ரேமை 16 ஜிபி ஆக்கினால் சரியாகுமா என்பது கேள்வி. கூடவே ஒன்று: கோடையில் மதியம் மாதக் கணக்கு எடுத்தால் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறதாம்.

ரேம் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் இரண்டு நேரங்களைக் கழித்துப் பாருங்கள்: இரவு 12.30, காலை 6.00. இடையே ஐந்தரை மணி நேரம். இந்திய நேரத்துக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அச்சாக அதுவே. உபுண்டு சர்வரை நிறுவும்போது நேர மண்டலத்தை நாமாக மாற்றாவிட்டால் அது யூடிசியிலேயே நின்றுவிடும். கிரானில், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சேவையில், நீங்கள் 0.30 என்று எழுதிய பேக்கப், நம் கடிகாரத்தில் காலை 6 மணிக்கு, படகுகள் வந்து ஏலம் சூடுபிடிக்கும் வேளையில் ஓடுகிறது என்பதே என் வலுவான சந்தேகம்.

டைம்டேட்சிடிஎல் என்று மட்டும் அடித்துப் பாருங்கள். டைம் சோன் வரியில் ஈடிசி/யூடிசி என்று இருந்தால் சந்தேகம் பாதி உறுதி. (கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன், முனையத்தில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்; பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடத்தில் சிற்றெழுத்து.) மீதிப் பாதிக்கு அளந்துதான் பார்க்க வேண்டும். சந்தேகத்தை மட்டும் நம்பி ஐந்தாறு அமைப்புகளை ஒரே நாளில் மாற்றினால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

முதலில் அந்த 11. லோடு ஆவரேஜ் என்றால் சிபியு எவ்வளவு உழைக்கிறது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். லினக்ஸில் அது அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள், சிபியுவுக்காக வரிசையில் நிற்கும் வேலைகள், இவற்றோடு டிஸ்க் பதில் சொல்லும்வரை நகர முடியாமல் நிற்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணுகிறது. 1993இல் கெர்னலில் செய்த மாற்றம் இது. டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும் வேலையின் நிலையை டி என்ற எழுத்தால் காட்டுவார்கள். சிபியு சும்மா இருந்தும் லோடு 11 என்றால், பெரும்பாலும் டி நிலையில் ஒரு கூட்டமே நிற்கிறது என்று பொருள். திரை உறையும் நேரத்தில் பிஎஸ் கட்டளையை த்ரெட் வாரியாக, அதாவது மைனஸ் ஈ, பெரிய எல், சின்ன ஓ, பிறகு ஸ்டேட், பிஐடி, காம் என்று போட்டு, டி என்று தொடங்கும் வரிகளை மட்டும் கிரெப் கட்டளையால் வடிகட்டிப் பாருங்கள். மரியாடிபியின் த்ரெட்களும், ஜேபிடி2 என்று தொடங்கும் கோப்பு முறைமையின் ஜர்னல் வேலையும் அங்கே வரிசையாக நின்றால், சிக்கல் டிஸ்க்கில்.

அடுத்து விஎம்ஸ்டாட் 1. நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள்; அது கணினி ஏற்றியதிலிருந்து இன்றுவரையான சராசரி, இப்போதைய நிலையைச் சொல்லாது. இரண்டாவது வரியிலிருந்து நான்கு இடங்களைக் கவனித்தால் போதும். ஆர் என்ற பத்தி உங்கள் கோர் எண்ணிக்கையான 4ஐத் தொடர்ந்து தாண்டினால் சிபியு போதவில்லை. பி என்ற பத்தி டி நிலையில் நிற்பவற்றைச் சொல்லும். எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் ஸ்வாப்பிலிருந்து (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) வருவதும் ஸ்வாப்புக்குப் போவதும். இவை இரண்டும் சுழியாகவே இருந்தால் ரேம் பற்றாக்குறை இல்லை. ஃப்ரீ மைனஸ் எச் போட்டு அவைலபிள் பத்தியையும் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் ஃப்ரீ என்ற பத்தியில் 200 எம்பி மட்டும் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மிச்ச ரேமில் லினக்ஸ் கோப்புகளின் பிரதியைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும், கேட்ட நிமிடம் திருப்பித் தந்துவிடும். அவைலபிள் 4, 5 ஜிபி காட்டினால் 16 ஜிபி வாங்கும் பணம் இப்போதைக்கு வீண்.

டிஸ்க்கை நேரடியாகப் பார்க்க ஐஓஸ்டாட் மைனஸ் எக்ஸ்இசட் 1. இது சிஸ்ஸ்டாட் என்ற தொகுப்பில் வரும், ஏபிடி இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். இதிலும் முதல் தொகுதி பழைய சராசரி. ஆர் அவெய்ட், டபிள்யூ அவெய்ட் என்ற பத்திகள், ஒரு படிப்போ எழுத்தோ முடிய எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று சொல்லும். ஏக்யூ எஸ்இசட் வரிசையின் நீளம்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் ஒருமுறை சுற்ற 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி, 4 மில்லி நொடிக்குச் சற்று மேல். தலை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னும் 8, 9 மில்லி நொடி. ஆக ஒரு சிதறல் படிப்புக்குக் கிட்டத்தட்ட 13 மில்லி நொடி. நொடிக்கு 75, 80 படிப்புக்கு மேல் அந்த டிஸ்க்கால் முடியாது. எவ்வளவு நல்ல டிஸ்க்காக இருந்தாலும் இது உலோகத் தட்டு சுற்றும் வேகம் போட்ட எல்லை. அவெய்ட் 10, 15 என்றால் டிஸ்க் இயல்பாக இருக்கிறது. 150, 300 என்று போய், யூட்டில் என்ற பத்தி (டிஸ்க் வேலையில் இருந்த நேரத்தின் விகிதம்) 100%ஐ ஒட்டி நின்றால், ஒவ்வொரு சீட்டும் பத்து இருபது கோரிக்கைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. (யூட்டில் 100% என்றால் டிஸ்க் நிரம்பித் திணறுகிறது என்பது ஒற்றை ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருந்தும். எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும், அங்கே இந்த எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது.)

யார் அந்த டிஸ்க்கை ஆக்கிரமிக்கிறார்கள் என்பதற்கு பிஐடிஸ்டாட் மைனஸ் டி 1. ஒவ்வொரு நிரலும் நொடிக்கு எத்தனை கிலோபைட் படிக்கிறது, எழுதுகிறது என்று வரும். பேக்கப்பைச் சுருக்கி எழுதும் ஜிசிப் இங்கே காலை 6 மணிக்குத் தலைகாட்டி, மரியாடிபியின் படிப்பும் கூடவே ஏறினால் விஷயம் முடிந்தது.

காலை ஆறு மணிக்கு மாடியேறி முனையத்தின் முன் உட்கார முடியாது என்றால் சார் கட்டளை உங்களுக்காக விழித்திருக்கும். அதே சிஸ்ஸ்டாட் தொகுப்புதான். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவுக்குள் டிஃபால்ட் என்ற அடைவில் சிஸ்ஸ்டாட் என்ற கோப்பில் எனேபிள்ட் என்பது ஃபால்ஸ் என்று இருக்கும். அதை ட்ரூ ஆக்கி, சேவையை மீண்டும் தொடங்குங்கள். பலரும் தொகுப்பை நிறுவிவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பதிவே இருக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும், 7 நாள் வைத்திருக்கும். மறுநாள் சார் மைனஸ் க்யூ போட்டால் லோடும், சார் மைனஸ் டி போட்டால் டிஸ்க்கும் நேர வாரியாக வரும். ஒன்றை மறக்காதீர்கள்: நேர மண்டலம் யூடிசியில் இருக்கும்வரை காலை 6 மணி அங்கே 0.30 என்றுதான் தெரியும்.

இதுவரை சொன்னவை டிஸ்க் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதற்கு. திரை முழுமையாக உறைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும், அது இந்தக் கட்டளைகள் எதிலும் தெரியாது. பேக்கப் எடுக்கும் நிரலான மைஎஸ்க்யூஎல்டம்ப், நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், பிரதி எடுக்கும் தரவுத்தளத்தின் அட்டவணைகளைப் பூட்டிவிடும். படிக்கலாம், எழுத முடியாது. பழைய பில்லைத் தேடினால் வரும், புதுச் சீட்டுப் போட்டால் நிற்கும். பூட்டுக்காகக் காத்திருப்பவர்கள் வெறுமனே தூங்குவதால் லோடிலும் எண்ணப்பட மாட்டார்கள். உறையும் நேரத்தில் மரியாடிபிக்குள் போய் ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் போடுங்கள். வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக் என்று ஏழு வரி நின்றால், அந்த ஏழும் உங்கள் ஏழு கணினிகள். மருந்து ஒரே சொல்: பேக்கப் கட்டளையில் சிங்கிள் ட்ரான்சாக்ஷன் என்ற விருப்பத்தைச் சேர்ப்பது. அட்டவணைகள் இன்னோடிபி வகையாக இருந்தால் பூட்டுப் போடாமலே ஒரே கணத்தின் முழுப் பிரதியை எடுத்துவிடும். பழைய மென்பொருள்களில் மைஐசாம் வகை அட்டவணைகள் இருக்கலாம். அவற்றுக்கு இது பலிக்காது, முதலில் இன்னோடிபிக்கு மாற்ற வேண்டும்.

நேரத்தைத் திருத்த, டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா (ஏ, கே இரண்டும் பெரிய எழுத்து). உடனே கிரான் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் கிரான் பழைய மண்டலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. உபுண்டு சர்வரில் தினசரிப் பராமரிப்பு வேலைகள் ஈடிசியில் உள்ள கிரான்டாப் கோப்பின்படி காலை 6.25க்கு ஓடும். தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தலுக்கான ஏபிடி டெய்லி அப்கிரேட் டைமர் 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஏதாவது ஒரு நிமிடத்தில் கிளம்பும். இதுவரை இவை யூடிசி கணக்கில் முற்பகல் பதினொன்றரைக்கு மேல் ஓடியதால் உங்களுக்குத் தெரியவில்லை. நேரத்தைச் சரிசெய்த மறுநாளிலிருந்து இவை நேராக ஏல நேரத்தில் வந்து விழும். பேக்கப்பை விரட்டிவிட்டு வேறொன்றைக் கூட்டிவந்த கதையாகிவிடும். அதனால் அதே நாளில் இரண்டையும் நகர்த்துங்கள். கிரான்டாப்பில் 25 6 என்று தொடங்கும் வரியை 25 14 ஆக்கினால் மதியம் 2.25. டைமருக்கு, சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று அதன் பெயரோடு போட்டுத் திறந்து, டைமர் என்ற தலைப்பின் கீழ் முதலில் ஆன்காலண்டர் சமம் என்று வெறுமையாக ஒரு வரி, அதன் கீழே ஆன்காலண்டர் சமம் 14:00 என்று இன்னொரு வரி (ஆன்காலண்டரில் ஓ, சி இரண்டும் பெரிய எழுத்து). வெறுமை வரியை விட்டால் பழைய 6 மணியும் சேர்ந்தே ஓடும். அந்த அமைப்பு பட்டியலில் சேர்க்குமே தவிர, பழையதை அழிக்காது. எல்லாம் முடிந்ததும் சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட் டைமர்ஸ் போட்டு அடுத்து எது எப்போது ஓடும் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேக்கப்பையே மெதுவாக ஓடவைக்கும் ஆலோசனையும் பலர் தருவார்கள்: சிபியு முன்னுரிமையைக் குறைக்க நைஸ் 19, டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்க ஐஓநைஸ் மைனஸ் சி 3. மைஎஸ்க்யூஎல்டம்புக்கு முன்னால் ஐஓநைஸ் போட்டால் இங்கே பெரிய பயனில்லை. டிஸ்க்கிலிருந்து படிப்பது டம்ப் நிரல் இல்லை, அது கேட்டதற்காக மரியாடிபி சர்வர் படிக்கிறது. சர்வரின் முன்னுரிமை மாறவே இல்லை. வேலை செய்யும் வழி, குழாயின் நடுவில் அடைப்பான் வைப்பது. டம்புக்கும் ஜிசிப்புக்கும் இடையே பிவி மைனஸ் பெரிய எல் 5எம் என்று சொருகினால், நொடிக்கு 5 எம்பிக்கு மேல் தரவு போகாது. எழுதும் வேகம் குறைந்தால் டம்ப் நிற்கும், டம்ப் நின்றால் சர்வர் படிப்பதும் குறையும். 3 ஜிபி தரவுத்தளம் பத்து நிமிடத்தில் முடியும், டிஸ்க்கும் மூச்சு விடும்.

இப்போது திருத்தங்கள். என் கணிப்பில் பெரிய பலன் தருவது இன்னோடிபி பஃபர் பூல், அதாவது மரியாடிபி தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம். மரியாடிபியில் இதன் இயல்பு அளவு 128 எம்பிதான். தரவுத்தளம் சில ஜிபி இருக்கும்போது ஒவ்வொரு தேடலும் டிஸ்க்குக்கு ஓட வேண்டியிருக்கும். அவைலபிள் 5 ஜிபி இருந்தால் 3 ஜிபி கொடுங்கள்: செட் குளோபல் இன்னோடிபி பஃபர் பூல் சைஸ் சமம் 3221225472. நிறுத்தித் தொடங்காமலே ஏற்றுக்கொள்ளும். நிலைக்க வேண்டுமானால் மரியாடிபியின் 50 சர்வர் சிஎன்எஃப் கோப்பிலும் எழுதுங்கள். முன்னும் பின்னும் இன்னோடிபி பஃபர் பூல் ரீட்ஸ் என்ற நிலை எண்ணை அரை மணி நேர இடைவெளியில் குறித்துக்கொண்டால், டிஸ்க்குக்குப் போன படிப்புகள் எவ்வளவு குறைந்தன என்று தெரியும்.

அடுத்தது அழுக்குப் பக்கங்கள், அதாவது ரேமில் எழுதிவிட்டு டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத தரவு. விஎம் டர்ட்டி ரேஷியோ இயல்பாக 20%, பின்னணியில் எழுதத் தொடங்கும் வரம்பு 10%. உங்கள் கணினியில் 20% என்றால் ஒரு ஜிபிக்கு மேல். அவ்வளவு சேர்த்துவைத்து ஒரே மூச்சில் மெதுவான டிஸ்க்கில் கொட்டும்போது மற்ற எல்லாம் நிற்கும். சிஸ்சிடிஎல் மூலம் விஎம் டர்ட்டி பேக்கிரவுண்ட் பைட்ஸ் 67108864, விஎம் டர்ட்டி பைட்ஸ் 268435456 என்று வைத்தால் 64 எம்பியில் எழுதத் தொடங்கி 256 எம்பியில் கடிவாளம் விழும். பைட்ஸ் கொடுத்ததும் ரேஷியோ சுழியாகக் காட்டும், பயப்பட வேண்டாம்; இரண்டில் ஒன்றுதான் நடப்பில் இருக்கும். ஈடிசியில் சிஸ்சிடிஎல் டாட் டி அடைவில் ஒரு கோப்பாக எழுதினால்தான் மறு ஏற்றத்துக்குப் பிறகும் இருக்கும்.

ஸ்வாப்பினஸ் என்ற எண்ணை 60இலிருந்து 10 ஆக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். எஸ்ஐ, எஸ்ஓ சுழியாக இருக்கும் கணினியில் அதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான். விடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட் என்ற அமைப்பை 1இலிருந்து 2 ஆக்கினால் பில்லிங் உடனே பறக்கும். ஒவ்வொரு சீட்டையும் டிஸ்க்கில் உறுதி செய்யாமல், நொடிக்கு ஒருமுறை மட்டும் உறுதி செய்யும் என்பதால் அந்த வேகம். மின்சாரம் போனால் கடைசி ஒரு நொடிச் சீட்டுகள் போய்விடும். ஏலத்தில் ஒரு நொடியில் இரண்டு பெட்டி வஞ்சிரம் கைமாறியிருக்கலாம். பணம் கொடுத்தவரிடம் சீட்டு இருக்கும், உங்கள் கணக்கில் இருக்காது. ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் மின்சாரம் எப்படிப் போய் வரும் என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல யூபிஎஸ் இருந்தாலும் அதை 1லேயே வைத்திருங்கள்.

மதியச் சிக்கல் வேறு வகை. அந்த நேரத்தில் விஎம்ஸ்டாட்டில் பி சுழியாகவும், சிபியு முழுக்க ஓடிக்கொண்டும் இருந்தால், பிராசசர் சூட்டில் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது. எல்எம் சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, சென்சார்ஸ் என்று அடித்தால் வெப்பம் தெரியும். இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டி வேகத்தை வெட்டும். சிஸ் அடைவில் சிபியு0க்குள் தெர்மல் த்ராட்டில் என்ற இடத்தில் கோர் த்ராட்டில் கவுண்ட் என்ற கோப்பு இருக்கிறது; எத்தனை முறை வெட்டியது என்ற எண்ணிக்கை அது. கணக்கு எடுக்கும் முன்னும் பின்னும் கேட் கட்டளையால் அதைத் திறந்து பாருங்கள். ஏறியிருந்தால் சூடுதான். டர்போஸ்டாட் போட்டால் ஒவ்வொரு கோரும் உண்மையில் எத்தனை மெகாஹெர்ட்சில் ஓடுகிறது என்றும் காணலாம். சிபியு வேகத்தை முடிவு செய்யும் கவர்னரைப் பர்ஃபார்மன்ஸ் ஆக்கினால் தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெப்பம் போக வழியில்லாத இடத்தில் அது சூட்டைத்தான் கூட்டும். தூசியை ஊதி, ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, கணினியைத் தகரத்துக்கு நேர்க் கீழே இல்லாமல் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதே வழி.

பெட்டியைத் திறக்கும்போது உப்புக் காற்றின் வேலையையும் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ போட்டால் வரும் பட்டியலில் 199ஆம் வரி, சிஆர்சி பிழை எண்ணிக்கை, நாளுக்கு நாள் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் பழுது இல்லை, சாட்டா கேபிள் முனை பச்சை பிடித்திருக்கிறது, கேபிளை மாற்றுங்கள். 5, 197, 198 ஆகிய வரிகளின் கடைசிப் பத்தியில் சுழி தவிர எது இருந்தாலும் டிஸ்க்கையே மாற்ற வேண்டும், அதுவும் அன்றைக்கே பேக்கப் எடுத்துவிட்டு. நெட்வொர்க்குக்கு ஈத்டூல் போட்டு ஸ்பீட் வரியைப் பாருங்கள். 1000 வர வேண்டிய இடத்தில் 100 வந்தால், கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கும், அல்லது ஆர்ஜே45 முனை அரித்திருக்கும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும் என்பதால் இணைப்பு அறுபடாமல் சத்தமின்றி வேகம் மட்டும் இறங்கியிருக்கும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சார் பதிவு மட்டும். மூன்றாம் நாள் நேர மண்டலம், கிரான், டைமர். அடுத்த நாள் சிங்கிள் ட்ரான்சாக்ஷனும் பிவியும். அதற்கடுத்து பஃபர் பூல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் காலை 6 முதல் 7 வரை சார் எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஏல நேரத்தில் அவெய்ட் 50ஐத் தாண்டினால், ரேமுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, தரவுத்தளத்தை அதற்கு மாற்றுங்கள். 13 மில்லி நொடி ஆன படிப்பு அதில் ஒரு மில்லி நொடிக்குள் முடியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எடுத்த எண்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். விசைப்படகு வராத நாளில் எந்த சர்வரும் வேகமாகத்தான் இருக்கும். டிஸ்க் மாற்றுவது, பேஸ்ட் தடவுவது, கேபிள் இழுப்பது எல்லாவற்றையும் அந்த நாட்களில் முடித்துவிட்டு, ஜூன் 15க்குப் பிந்தைய முதல் வாரத்தில் சார் பதிவைத் திரும்பப் பாருங்கள்.